ஓநாய்க் கணவாய்

“என் பொண்ணு ஒரு ராஜ்ஜியத்தையே பிடிச்சா சம்பந்தி, ஒரு கொசுவைக்கூட அடிக்காம! ஓநாய்க் கணவாய்ல ரெண்டு மாடி உசரத்துக்கு ஓநாய் நிக்குது. இவளைப் பார்த்ததும் வாலைச் சுருட்டிக்கிட்டு, ‘வாங்கம்மா, பார்த்து, வழுக்கும்’னு ஒதுங்கி வழிவிட்டுச்சு.”

பல்செட்டை மாட்டிய கையோடு லிஃப்ட்காரர் அவிழ்த்துவிட்ட அன்றைய முதல் சரக்கு இது. வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த சம்பந்தி தலையைத் தூக்கவில்லை.

“நேத்து ஒரு மாடி உசரம்னீங்க.”

“வளர்ற பிராணிதானே. வளராதா?”

லிஃப்ட்காரர் ஓய்வு பெறும்வரை லிஃப்ட் பழுதுபார்த்தவர். அறுந்துபோன இரும்புக் கயிற்றைப் பல்லால் கவ்விப் பிடித்து ஒரு மந்திரியைக் காப்பாற்றியதாகச் சொல்வார். எந்த மந்திரி என்று கேட்டால் உடனே பல் வலி வந்துவிடும். சம்பந்தி பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். வீணாக ஒரு ஹாரன் அடித்ததில்லை, வீணாக ஒரு வார்த்தை பேசியதுமில்லை.

லிஃப்ட்காரருடைய மகளும் சம்பந்தியுடைய மகனும் கணவன் மனைவி. போன மழைக்காலத்தில் ஒரு நாள் அவர்களுடைய கார் சாலையை விட்டிறங்கிப் பள்ளத்தில் விழுந்தது. ஓட்டியவள் மகள். இருவருமே பிழைக்கவில்லை. சாவுக்கு வந்த இரண்டு அப்பாக்களும், மனைவியை முன்பே பறிகொடுத்தவர்கள், யார் முதலில் கிளம்புவது என்று தெரியாமல் பிள்ளைகளின் வீட்டிலேயே தங்கிவிட்டார்கள். ஆளுக்கொரு அறை, பொதுவில் ஓர் அடுப்பு.

கூடத்துச் சுவரில் மகனின் படம் மட்டும் தொங்கியது. பக்கத்தில் மகளின் படத்துக்காக லிஃப்ட்காரர் அடித்த ஆணியில் சம்பந்தி தன் குடையை மாட்டி வைத்திருந்தார். படம் லிஃப்ட்காரரின் அலமாரியில், துணிகளுக்கு நடுவே இருந்தது.

காரணத்தைச் சம்பந்தி ஒரே ஒரு தடவைதான் சொன்னார். “ரோட்ல பிரேக் தடமே இல்ல. உங்க பொண்ணு தூங்கிட்டா. தூங்கி, என் பையனைக் கொன்னுட்டா.” சாலையோரத்து பெட்ரோல் பங்க்காரன் ஒரு நாய் குறுக்கே ஓடியதைப் பார்த்திருந்தான். அதற்கும் சம்பந்தியிடம் பதில் இருந்தது. “அவளுக்கு வண்டி கத்துக்கொடுத்தவன் நான். எது குறுக்க வந்தாலும் பிரேக்ல கால் வை, ஸ்டீரிங்கைத் திருப்பாதேன்னு படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்கேன். முழிச்சிருந்தா பிரேக் பிடிச்சிருப்பா.”

அதற்குப் பிறகு ‘என் மருமக’ என்ற சொல் அவர் வாயில் வரவேயில்லை.

அந்த வீட்டில் மகனின் கம்ப்யூட்டர் இருந்தது, அதற்குள் ஒரு கேம் இருந்தது. மலை, காடு, கோட்டை, பூதம் என்று ஒரு பெரிய உலகம். எங்கே வேண்டுமானாலும் போகலாம். முதலிலிருந்து ஆரம்பிக்கும் ஒவ்வொரு ஆட்டத்தையும் மகன் ‘பிறவி’ என்பான். பிறவிக்கு ஒரு குணம் வைத்துக்கொள்ள வேண்டும். திருடனாகப் பிறந்தால் சோறு போட்டவளின் கொலுசையும் திருடியே ஆகவேண்டும். கோழையாகப் பிறந்தால் குகைப் பக்கமே தலைவைத்துப் படுக்கக் கூடாது. தோற்றாலும் குணம் மாறக் கூடாது, அதுதான் சட்டம்.

பிள்ளைகள் போனபின் லிஃப்ட்காரர் அதைப் பிடித்துக்கொண்டார். பொய் சொல்லும் சாமியாராகப் பிறந்தபோது வேஷமே தேவைப்படவில்லை. கஞ்சனாகப் பிறந்து, ஒரு ரொட்டிக்குக் காசு அவிழ்க்க மனமில்லாமல் பட்டினியில் செத்தார். செத்தது திரையில்தான், ஆனால் அன்று தட்டில் போட்ட சோற்றையும் அவர் தொடவில்லை.

மகள் பிறந்தது ஒரே பிறவி. குதிரையில் ஊர் ஊராகப் போகும் வைத்தியச்சி. குணம், எந்த உயிரையும் கொல்வதில்லை. அவள் கடைசியாக சேவ் செய்துவிட்டுப் போன இடம் கணவாயைத் தாண்டிய கிராமம். திரையின் ஓரத்தில், கொன்ற உயிர்கள் பூஜ்யம் என்றிருந்தது.

“நடக்காத கதை,” என்றார் சம்பந்தி, கத்தியைக் கழுவிக்கொண்டே. “ஓநாயைக் கொல்லாம அங்க தாண்ட முடியாது. என் பையன் எல்லாப் பிறவியிலும் கொன்னுட்டுதான் போனான். பக்கத்துல உட்கார்ந்து பார்த்திருக்கேன். நீங்கதான் எதையாவது அமுக்கி அழிச்சிருப்பீங்க.”

லிஃப்ட்காரருக்குச் சுருக்கென்றது. உள்ளதைச் சொன்னால், அவள் எப்படித் தாண்டினாள் என்று அவருக்கும் தெரியாது. கணவாய்க்கு முன்னால் அவள் வைத்திருந்த இன்னொரு சேவிலிருந்து போய்ப் பார்த்திருந்தார். குதிரையை விட்டிறங்கி ஓநாய்க்கு மூலிகை நீட்டினார், கும்பிட்டார், செத்தது போலப் படுத்தார். ஒவ்வொரு தடவையும் அது அவரைக் கிழித்துப் போட்டது.

ஆனாலும் வாய் சும்மா இருக்குமா?

“அப்படின்னா நீங்களே அவளா ஆடிப் பாருங்க. பொய்யுன்னு ஆச்சுன்னா அந்த ஆணியைப் பிடுங்கிட்டு, பெட்டியைக் கட்டிட்டு நான் கிளம்பறேன். படத்தைப் பத்திப் பேச்சே எடுக்க மாட்டேன்.”

சம்பந்தி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார். “நிஜமாவா?”

“நான் என்னிக்கு சம்பந்தி பொய் சொல்லியிருக்கேன்?”

சம்பந்தி கண்ட்ரோலரை வாங்கி, பஸ் சீட்டில் உட்காருவது போல முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார். எந்தப் பித்தான் எதற்கு என்று லிஃப்ட்காரர் காட்டினார். இடது கட்டைவிரல் குதிரையைத் திருப்ப, வலது கட்டைவிரல் அதை நிறுத்த.

“உங்க குணத்துல ஓட்டக் கூடாது. அவ குணம்.”

“அவ குணம் எனக்குத் தெரியாதா?” குதிரை பனியில் கிளம்பியது. “கத்துக்க வந்த முத நாளே ரோட்ல ஒரு பிளாஸ்டிக் பை கிடந்துச்சு. பூனைன்னு நெனச்சு வண்டியை விட்டு இறங்கிட்டா. இறங்கிப் போய் அதுகிட்ட ‘போடா செல்லம், ஓரமாப் போ’ங்கறா. பின்னாடி லாரிக்காரன் என்னைத் திட்டறான்...” அவர் குரல் லேசானது. வழியில் ஒரு முயல் வந்தது. “போடா செல்லம்,” என்றார் திரையிடம், தன்னை அறியாமல்.

லிஃப்ட்காரர் சிரிக்கவில்லை.

கணவாய் வந்தது. ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் இருட்டான பள்ளம், நடுவில் குதிரை அகலத்துக்குப் பாதை. குதிரை வேகமெடுத்திருந்தது. பாறை இடுக்கிலிருந்து முதலில் வந்தது பெரிய ஓநாய் அல்ல, குட்டி. குளம்புக்கு நேராக வந்து நின்றுவிட்டது.

சம்பந்தியின் இடது கட்டைவிரல் அசைந்தது. குதிரையும் வைத்தியச்சியும் மூலிகைக் கூடையும் அப்படியே பள்ளத்தில் போனார்கள்.

விழுந்தார்கள், விழுந்தார்கள், விழுந்துகொண்டே இருந்தார்கள். பிறகு தொபுக்கடீர் என்று ஒரு சத்தம். கீழே ஏரி. அவள் நீந்திக் கரையேறினாள். கணவாய்க்கு அந்தப் பக்கம், கொன்ற உயிர்கள் பூஜ்யம்.

“பார்த்தீங்களா! சொன்னேனா இல்லையா! ரெண்டு மாடி ஓநாய்...” துள்ளி எழுந்த லிஃப்ட்காரர் பாதியில் நின்றார். சம்பந்தி திரையைப் பார்க்கவில்லை. தன் வலது கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நான் நிறுத்தவே இல்லையே,” என்றார். “இத்தனை வருஷம் பஸ் ஓட்டியிருக்கேன். நாய், ஆடு எதுக்கும் திருப்பினது கிடையாது. இப்பத் திருப்பிட்டேன், பிரேக்ல விரலே போகல.” கட்டைவிரலை மெல்ல மடக்கினார். “அதான் ரோட்ல தடம் இல்ல.”

அடுப்பில் ஏதோ தீய்ந்தது. யாரும் அந்தப் பக்கம் போகவில்லை.

“இதுல கீழ தண்ணி வெச்சிருக்கான்,” என்றார் சம்பந்தி.

லிஃப்ட்காரர் மறுபடி உட்கார்ந்தார். அவள் தூங்கவில்லை என்று சம்பந்தி ஒப்புக்கொள்ளத்தானே இத்தனை நாளும் மல்லுக்கு நின்றார்? ஆனால் தூங்கியிருந்தால் அவளுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. முழித்திருந்தால், கீழே போய்ச் சேரும்வரை எல்லாம் தெரிந்திருக்கும். பக்கத்தில் கணவன் உட்கார்ந்திருப்பதும் தெரிந்திருக்கும். நல்லதாக ஒரு பொய் சொல்ல வாயெடுத்தார். வாழ்நாளில் முதல்முறையாக ஒன்றும் கிடைக்கவில்லை.

“விடுங்க சம்பந்தி... இது வெறும் கேம். களைப்புல தூங்கிக்கூட இருக்கலாம்.”

சம்பந்தி எழுந்து போய் ஆணியிலிருந்து குடையை எடுத்தார். எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார்.

“இல்ல,” என்றார். “என் மருமக முழிச்சுட்டுதான் இருந்தா. நாயைப் பார்த்தா. திருப்பினா.”