பொட்டு வைத்த பஞ்சு

கோதண்டபாணி மேஸ்திரிக்கு என்னைக் கண்டால் ஆகாது. எனக்கும் அவரைக் கண்டால் ஆகாது. இதில் ஒளிவுமறைவு ஒன்றும் இல்லை. கூட்டேரிப்பட்டு தாண்டி இருக்கிற அந்த நூல் மில்லில் வாட்ச்மேனைக் கேட்டாலும் சொல்வார். என் புருஷன் சின்னதுரை, பஞ்சைப் பிரித்து உதறுகிற புளோரூமில் வேலை பார்த்து, அந்தத் தூசியையே தின்று, இருமி இருமிச் செத்துப்போனார். அவர் இடத்தை மேஸ்திரி தன் அக்கா மகனுக்கு என்று மனதில் முடிந்து வைத்திருந்தார். மானேஜர் சீனுவாசன் அதை எனக்குத் தருவதாகச் சொல்லிவிட்டார். ஒரு வருஷம் பதிலி ஆளாக நில், தீபாவளிக்கு நிரந்தரம் பண்ணிவிடலாம் என்றார். எனக்கு இரண்டு பெண் பிள்ளைகள், ஒழுகுகிற ஒரு கூரை வீடு. அந்த நிரந்தரம் ஒன்றைத்தான் நம்பியிருந்தேன்.

புளோரூமுக்குப் பதிலாக எனக்கு டிராயிங்கில் வேலை கொடுத்தார்கள். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பஞ்சை எடுத்து அப்படியே முறுக்கினால் நூல் வந்துவிடாது. வந்தாலும் ஓரிடத்தில் கயிறாகவும் ஓரிடத்தில் ஒட்டடையாகவும் இருக்கும். முதலில் கார்டிங் மிஷின் கம்பிப் பற்களால் பஞ்சைச் சீவி, விரல் பருமனில் மெத்தென்ற திரியாக்கி, இடுப்பு உயரக் கேன்களில் சுருள் சுருளாக இறக்கும். அதில் ஆறு கேனை என் மிஷினுக்குப் பின்னால் நிறுத்தி, ஆறு திரியையும் சேர்த்து உருளைகளுக்குள் விடுவேன். ஒன்றைவிட ஒன்று வேகமாகச் சுற்றுகிற உருளைகள் அவற்றை இழுத்து ஒரே திரியாக்கித் தரும். ஒன்றில் மெலிந்த இடத்தை மற்ற ஐந்தும் சேர்ந்து சரிக்கட்டும். அப்படி வந்ததை மறுபடியும் ஆறாறாகச் சேர்த்து இன்னொரு தரம் இழுப்பேன். அதற்கப்புறம் என்னோடு வேலை பார்க்கிற ஜெயம் நிற்கிற சிம்ப்ளெக்ஸ் மிஷின் அதை மெலிதாக்கி லேசாக முறுக்கேற்றும். ஸ்பின்னிங்கில் இன்னும் இழுத்து இறுக முறுக்கினால் நூல். ஒவ்வொரு பஞ்சு இழையும் கட்டைவிரல் கணு நீளம்தான். அவற்றைப் பிடித்து வைத்திருப்பது முறுக்கு மட்டும்தான். பசையும் கிடையாது, முடிச்சும் கிடையாது.

எண்பத்து மூன்றாம் வருஷம் ஆயுத பூஜைக்கு முதலாளி அம்மா திண்டிவனத்திலிருந்து காரில் வந்தார். வருஷா வருஷம் மிஷின்களுக்கு அவர் கையால்தான் சந்தனம், குங்குமம். நான் கதவுக்கு வெளியே நின்றேன். வெளியே நில் என்று யாரும் சொல்லவில்லை. உள்ளே வா என்றும் சொல்லவில்லை. மேஸ்திரி தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு அந்த அம்மா பின்னாலேயே போனார். மிஷினோடு நிறுத்தியிருக்கலாம். காக்காய் பிடிக்கிற ஆளுக்கு அளவு ஏது?

“பஞ்சுதாங்கம்மா நம்மளுக்கு லட்சுமி. அதுக்கும் வெச்சிடுங்க” என்றார்.

கேனின் தகரத்தில் வைத்திருந்தாலும் பரவாயில்லை. அந்த அம்மா சந்தனத்தை எடுத்துத் திரிமேலேயே அப்பி, அதன்மேல் குங்குமம் வைத்தார். வரிசையில் நின்ற அத்தனை கேனுக்கும் வைத்தார்.

மறுநாள் விஜயதசமி. பூஜை முடிந்த மிஷினை அன்று காலை ஓட்டியாக வேண்டும். குங்குமம் பட்ட மேல் சுருளைப் பிய்த்துக் கழிவில் போடலாம் என்று கேனில் கை வைத்தேன்.

“ஏய், கைய எடு!” மேஸ்திரி ஓடி வந்தார். “சுமங்கலி வெச்ச பொட்டு அது. தாலியறுத்தவ கையால அத அழிச்சா இன்னா அர்த்தம்னு தெரியுமா உனுக்கு? மொதலாளி நல்லா இருக்கறது புடிக்கலியா?”

“அப்ப நீங்களே பிச்சுப் போடுங்க மேஸ்திரி. இத உள்ள வுட்டா ரோலர்ல சாயம் ஏறிடும்.”

“மொதலாளி வூட்டுப் பொட்ட நான் குப்பையில போடுவனா? ஜல்தியா மிஷின போடு. வியாக்கியானம் பண்ணிக்கினு நிக்காத.”

ஜெயம் பக்கத்தில்தான் நின்றாள். எல்லாவற்றையும் கேட்டாள். “உனுக்கு எதுக்குக்கா வம்பு” என்று காதோடு சொன்னாள். மிஷினைப் போட்டேன்.

அரிசியில் கல் கிடந்தால் பொறுக்கிவிடலாம். குழம்பில் விழுந்த உப்பை யார் பொறுக்குவது? உள்ளுக்குள் காயாமல் இருந்த சந்தனம் ரப்பர் உருளையில் ஒட்டியது, குங்குமம் அதில் ஏறியது, பின்னால் வந்த வெள்ளைத் திரியில் எல்லாம் பரவியது. குறையைப் பங்கு போட்டுச் சரிக்கட்டுகிற மிஷின் கறையையும் பங்கு போட்டுக் கொடுத்தது. டியூப் லைட்டில் ஒன்றும் தெரியவில்லை. நூலை வளையம் வளையமாகச் சுற்றிச் சிட்டம் போட்டு வெயில் வெளிச்சத்தில் தொங்கவிட்ட பிறகுதான் தெரிந்தது, முழுக்க ரோஸ் ஓடியிருந்தது. வெள்ளை வேட்டிக்குப் போக வேண்டிய நூல். வாங்க வந்தவர் தொட்டுக்கூடப் பார்க்காமல் திரும்பிப் போனார்.

எங்கள் மூவரையும் மானேஜர் ரூமுக்குக் கூப்பிட்டார்கள்.

“இவ கை பட்டதுதான் சார் காரணம்” என்றார் மேஸ்திரி. “பூஜை பண்ண பொட்டுல போய் கைய வெச்சா. அந்தத் தோஷம் சும்மா வுடுமா? நான் அப்பவே கத்தினேன். ஜெயத்தக் கேளுங்க.”

மானேஜர் கேட்டார். ஜெயம் தரையைப் பார்த்துக்கொண்டு, “கை வெச்சாங்க சார்” என்றாள். எதற்கு வைத்தேன், என்ன சொன்னேன் என்பதெல்லாம் அவள் வாயில் வரவில்லை. அவள் சொன்னது பொய்யும் இல்லை.

மானேஜர் படித்த மனுஷர். குங்குமம் எப்படி நூலுக்குள் வந்தது என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அதைச் சொன்னால் அதை வைத்த கையையும் சொல்லியாக வேண்டும்.

“யார் மேலயாவது நடவடிக்கை எடுத்தாவணும்மா. இந்த வருஷம் உன் நிரந்தரம் வேணாம். அடுத்த வருஷம் வரைக்கும் மேஸ்திரி சொல்ற ஆளு அந்த எடத்துல நிக்கட்டும். அப்புறம் பாக்கலாம்.”

அப்புறம் என்ற சொல்லுக்கு மில்லில் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். பயம் போய் ஆத்திரம் வந்தது.

“சரி சார். அதையே எழுதுங்க. தாலியறுத்தவ கை பட்டு நூலு கெட்டுப்போச்சு, அதனால வேலை இல்லன்னு எழுதி கேட்டுல ஒட்டுங்க.”

“அப்படியெல்லாம் எழுத முடியுமா?”

“ஏன் முடியாது? நெசந்தானே? எழுதறதுன்னா முழுசா எழுதுங்க. ஒரு வருசமா இந்த மில்லுல என் கை படாத நூலு ஒரு முழம் கெடையாது. நீங்க வித்த முகூர்த்த வேட்டி நூலு பூரா நான் இழுத்துக் குடுத்த திரிதான். அதையும் எழுதுங்க.” மேஸ்திரி பக்கம் திரும்பினேன். அதுவரை போட்ட ‘ங்க’ என் வாயை விட்டுப் போய்விட்டது. “யோவ், ஆவணியில உன் பொண்ணுக்குக் கண்ணாலம் பண்ணியே, தாலிக்கவுறு எங்க வாங்கின?”

அந்த ரூமில் இருந்த எல்லோருக்கும் பதில் தெரியும். கடைக்கயிறை எங்கள் மில் ஆட்கள் நம்புவதில்லை. வீட்டில் கல்யாணம் என்றால் மில்லிலிருந்து ஒரு சிட்டம் நூல் எடுத்துப் போய், பல இழையாகச் சேர்த்து முறுக்கி, மஞ்சள் தடவிக் கட்டுவதுதான் வழக்கம்.

“உன் பொண்ணு கழுத்துல கெடக்கறது என் கை பட்ட நூலு. தோஷம்னா ஓடு, போய் கழட்டு.”

மேஸ்திரி கையை ஓங்கிக்கொண்டு வந்தார். மானேஜர் எழுந்து குறுக்கே நின்று அவரை வெளியே அனுப்பினார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். இந்தப் பேச்சு வேட்டி வாங்குகிறவர்கள் காதுக்குப் போனால் என்ன ஆகும் என்று அவர் கணக்குப் போட்டுவிட்டார்.

“இது வெளிய போவக் கூடாது கிருஷ்ணவேணி.”

“ஆர்டர் வந்தா போவாது சார்.”

தீபாவளிக்கு முன்னாலேயே ஆர்டர் வந்தது. நூல் கெட்டதற்கு உருளைக் கோளாறு என்று காரணம் சொல்லிக்கொண்டார்கள். அன்று சாயங்காலம் கூட்டேரிப்பட்டில் விழுப்புரம் பஸ்ஸுக்காக நின்றேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு சண்டையில் ஜெயித்திருந்தேன். பிள்ளைகளுக்கு என்ன வாங்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது ஜெயம் வந்து பக்கத்தில் நின்றாள். மன்னிப்புக் கேட்க வந்தாள் என்று நினைத்தேன். அவள் கை முந்தானைக்குள் கழுத்தருகே இருந்தது.

“கோச்சிக்காதக்கா. ஒண்ணு கேக்கணும். போன தையில நான் தாலிக்கவுறு மாத்தினேன். நம்ப மில்லு நூலுதான். வூட்டுக்காரருக்கு ஒரு வாரமா ஜொரம்.” கொஞ்சம் நிறுத்தினாள். “மாத்திடட்டுமாக்கா?”

மேஸ்திரிமேல் வந்ததைவிட இவள்மேல் எனக்கு அதிகமாக ஆத்திரம் வந்தது. மேஸ்திரியாவது தன் அக்கா மகனுக்காகச் சொன்னார். இவள் உண்மையாகவே நம்பிக் கேட்கிறாள். நம்ப வைத்தது நான்.

“மாத்திக்கோ” என்றேன். “கடையில வாங்கு. ஆனா அதுவும் எங்கியோ ஒரு மில்லுல வந்ததுதான். அங்க டிராயிங்ல நிக்கறவ புருஷன் உசுரோட இருக்கானான்னு கேட்டுட்டு வாங்கு.”

ஜெயம் அழுதாள். பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்ததும் நகர்ந்து எனக்கு இடம் விட்டாள். நான் விழுப்புரம் வரைக்கும் நின்றுகொண்டே போனேன்.