ஐரீன் வந்த வீடு

கோப்பையில் பெயர் அச்சடிக்கிற அந்த மனுஷருக்கு, மனைவி போனபிறகு வீட்டில் பேச்சுத்துணைக்கு ஆளே இல்லை. ஒரே மகள், கல்யாணமாகி வேறு ஊரில் இருந்தாள். போன் போட்டால் "அப்புறம் பேசறேம்பா" என்பாள். அந்த அப்புறம் வந்ததே கிடையாது.

ஒருநாள் பட்டறையில் ஒரு கோப்பையில் அச்சு இடம் மாறி விழுந்துவிட்டது. எழுத்து குடிப்பவர் பக்கம் இல்லாமல் எதிரே இருப்பவர் பக்கம் போய்விட்டது. இதை எவன் வாங்குவான், நீயே கொண்டுபோ என்றார் முதலாளி. 'ஐரீன். கிரேக்கப் பெயர். பொருள்: அமைதி. கிரேக்கர் கும்பிட்ட சமாதான தேவதை. கையில் குழந்தையோடு அவளுக்குச் சிலை வடித்தார்கள்' என்று அதில் இருந்தது.

அமைதிக்கா பஞ்சம்? அதுதான் வீடு பூராவும் கொட்டிக் கிடந்ததே! ஆனாலும் கோப்பையை எதிர் நாற்காலிக்கு முன்னால் வைத்தார். ஐரீன், டீ போடட்டுமா என்று கேட்டும் பார்த்தார். கூப்பிட ஒரு பெயர் கிடைத்ததில் மனசுக்கு இதமாக இருந்தது.

பக்கத்து வீட்டம்மா காதில் இது விழுந்தது. சும்மா இருப்பாளா? மகளுக்குப் போன் போட்டு ஓதிவிட்டாள்.

மகள் அன்றைக்கே கூப்பிட்டாள். யார் அவள், எந்த ஊர்க்காரி? உண்மையைச் சொன்னால் போனை வைத்துவிடுவாளே என்று இவருக்கு நாக்கு எழவில்லை. எதிரே இருந்த கோப்பையைப் பார்த்து அப்படியே ஒப்பித்தார். கிரேக்கப் பேரும்மா. ரொம்ப அமைதி. பிள்ளைகுட்டி உண்டா என்றதற்கு, கையில ஒண்ணு என்றார். மகளுக்குத் தலை சுற்றியது.

மறுநாளும் கூப்பிட்டாள், அதற்கு மறுநாளும் கூப்பிட்டாள். திட்டத்தான் கூப்பிட்டாள். திட்டட்டுமே! மனுஷருக்கு வெகுநாள் கழித்துச் சோறு இறங்கியது.

ஞாயிற்றுக்கிழமை நேரிலேயே வந்து நின்றாள். அறை அறையாகத் தேடினாள். மேஜையில் கோப்பையைக் கண்டாள், படித்தாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நல்லவேளை, பயந்தே போயிட்டேன் என்று பையைத் தோளில் மாட்டினாள். பிள்ளைகள் காத்திருப்பார்களாம். டீ இன்னும் அடுப்பில்தான் இருந்தது.

வாசல்வரை பின்னாலேயே போனார். வாயை மூடிக்கொண்டிருக்கத்தான் பார்த்தார், முடியவில்லை.

"ஐரீன் இருந்தவரைக்கும் தினமும் கூப்பிட்டியேம்மா."

மகள் ஒரு செருப்பை மாட்டியிருந்தாள். இன்னொன்று காலடியிலேயே கிடந்தது. அதை மாட்ட அவளுக்குக் கால் வரவில்லை.