பாடாமல் கடந்துபோன வீடு

நியூஃபவுண்ட்லாந்தின் வடகரையில், கோர்மன் குடா என்ற மீன்பிடி ஊரில், ட்ரூசில்லா பைக்கின் வீட்டில் மட்டும் டிசம்பர் இருபத்து நாலாம் தேதி இரண்டு வருடம் எட்டு மாதம் நீடித்தது. வாசலில் ஜூன் மாத வெயில் அடிக்கும். படியேறி உள்ளே போனால் சன்னல் கண்ணாடியில் உறைபனி பிடித்திருக்கும். கடிகாரம் இரவு பன்னிரண்டு அடித்ததும் மறுபடி அதே இருபத்து நாலாம் தேதிக் காலை வரும். அடுப்போரம் வைத்த ரொட்டி மாவு பொங்கிக்கொண்டே இருந்தது. எத்தனை முறை எடுத்துச் சுட்டாலும் மறுநாள் சட்டியில் அதே அளவு இருக்கும். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒரு கை சர்க்கரை கேட்டு வரும்போது கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு வந்தார்கள். அதற்கு மேல் யாரும் அதைப் பெரிதுபடுத்தவில்லை.

காரணம் ஊருக்கே தெரிந்ததுதான். அவள் கணவன் கார்லண்ட் நவம்பரில் எல்ட்ரெட் நோஸ்வர்தியின் படகிலிருந்து கடலில் விழுந்து போனான். அப்போது அவளுக்கு எட்டாம் மாதம். எல்ட்ரெட் படகுக்கு ஸ்கிப்பர், கோயில் பாடகர் குழுவுக்கும் அவர்தான் தலைவர். கிறிஸ்து பிறப்புக்கு முந்தின நாள் குழு வீடு வீடாகப் போய்ப் பாடுவது வழக்கம். அந்த வருடம் ட்ரூசில்லாவின் வேலிக் கதவருகே வந்ததும் எல்ட்ரெட் தொப்பியைக் கழற்றினார். மற்றவர்களும் கழற்றினார்கள். துக்க வீடு, இங்கே பாடுவது மரியாதையில்லை என்று பனியில் சத்தம் வராமல் அடியெடுத்து வைத்துக் கடந்து போனார்கள். நல்ல மனசோடு செய்ததுதான். உள்ளே அவள் குழுவில் ஆளுக்கொன்றாகப் பதினோரு கோப்பைகளை எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

அன்று எல்லா வீட்டுக்கும் கிறிஸ்துமஸ் வந்தது, அந்த வீட்டுக்கு வரவில்லை. வயிற்றுப் பிள்ளையும் வரவில்லை. மருத்துவச்சி ஐடா வாரம் ஒருமுறை வந்து வயிற்றில் காது வைத்துப் பார்ப்பாள். "நல்லா உதைக்குது கண்ணு. வர்ற நாளுக்குத்தான் காத்திருக்கு. நாள்தான் உன் வீட்டுக்கு வரமாட்டேங்குது" என்பாள். ஒரு மார்ச் மாதம் முழுக்கத் தன் வீட்டிலேயே அவளைத் தங்க வைத்துப் பார்த்தாள். பலனில்லை, நாள் மாறாத வீட்டின் பிள்ளை எங்கே போனாலும் அந்த வீட்டுப் பிள்ளைதான்.

ட்ரூசில்லா சமையலறையில் நின்று தானே பாடிப் பார்த்தாள். கடிகாரம் பன்னிரண்டைத் தாண்டிப் பத்து நிமிடம் போய், திரும்பி வந்துவிட்டது.

"பாட்டுன்னா என்னன்னு நெனச்ச? அது சேதி," என்றாள் ஐடா. "பாலன் பொறந்துட்டாருன்னு நமக்கு நாமே சொல்லிக்க முடியுமா? யாராச்சும் வெளியிலேர்ந்து வந்து சொல்லணும். போய்க் கேளேன்."

கேட்டு வாங்க அவளுக்கு ரோஷம். அடுத்த டிசம்பரில் குழு மறுபடி தொப்பியைக் கழற்றிக் கடந்தது, ஆறின புண்ணைக் கிளற வேண்டாமென்று. அதற்கடுத்த டிசம்பரில் பழக்கத்தால் கடந்தது. பிறகு ஓர் ஆகஸ்ட் காலையில் அவள் பிள்ளை பிறந்திருக்க வேண்டிய அதே வாரம் பிறந்த எதிர்வீட்டுக் குழந்தை வேலிக் கதவைத் தாண்டி வந்து அவள் வயிற்றைத் தட்டி, "இன்னும் தூங்குதா?" என்று கேட்டது. ட்ரூசில்லா சால்வையைக்கூட எடுக்காமல் கடற்கரைக்கு நடந்தாள். எல்ட்ரெட் மீன் காயப்போடும் பரணில் உப்புமீனைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார்.

"ஸ்கிப்பர், காது கேக்காத ஹார்வி வீட்டுலகூட ரெண்டு பாட்டு பாடுறீங்க. என் வீட்ட மட்டும் ஏன் தாண்டிப் போறீங்க?"

அவர் மீனைக் கீழே வைத்தார். "உன் புருஷன என் படகுலேர்ந்து கடலுக்குக் குடுத்தவன் நான். எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டும்மா உன் வாசல்ல சந்தோஷமா பாடுவேன்?"

"சந்தோஷமா பாடச் சொல்லி யாரு கேட்டா? பாலன் பொறந்த அன்னைக்குத் தேவதூதன் வந்து சேதி சொன்னதுகூட இருட்டுல உக்காந்திருந்தவங்ககிட்டத்தான். அழுதுக்கிட்டே பாடுங்க. சுதி விலகினாலும் விலகட்டும், உங்களுக்கு அது புதுசா?"

எல்ட்ரெட் சிரித்துவிட்டார். கார்லண்ட் போனதிலிருந்து அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

அன்று பிற்பகலே பதினோரு பேரும் வந்தார்கள், வைக்கோல் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு. பாட வாய் திறந்தால் கொசு உள்ளே போனது. இரண்டாம் அடியில் எல்ட்ரெட்டின் குரல் உடைந்து நின்றுவிட்டது. மற்ற பத்துப் பேரும் நிறுத்தாமல் பாடினார்கள், அவர் நாலாம் அடியில் வந்து சேர்ந்துகொண்டார். மூன்றாவது பாட்டில் சன்னல் உறைபனி சரிந்து விழுந்தது. உள்ளே இருபத்தைந்தாம் தேதி ஆகியிருந்தது. இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே பெண் குழந்தை பிறந்தது. பாதிரியார் ஞானஸ்நானப் பதிவேட்டில் டிசம்பர், ஆகஸ்ட் இரண்டு தேதியையும் எழுதி நடுவில் ஒரு கோடு போட்டார்.

அதன்பிறகு குழு எந்த வீட்டையும் தாண்டிப் போவதில்லை. சாவு விழுந்த வீடு, கோயிலோடு சண்டை போட்டுக்கொண்ட வீடு, ஆட்கள் பிழைக்க வெளியூர் போய்ப் பூட்டிக் கிடக்கும் வீடுகள், எல்லாவற்றின் முன்பும் நின்று பாடுகிறார்கள். ஒருநாள் போதாமல் இரண்டு நாள் ஆகிறது. போன வருடம், பத்தொன்பது வருடமாகப் பூட்டியிருக்கும் டக் குடும்பத்து வீட்டின் முன் பாடி முடித்தபோது, உள்ளிருந்து யாரோ "ஆமென்" சொன்னார்கள். எல்ட்ரெட் இன்னும் ஏதாவது கேட்கிறதா என்று கொஞ்சம் நின்று பார்த்தார். பிறகு அடுத்த வீட்டுக்குப் போனார்கள்.