புதன்கிழமை நான்கு மணி அழைப்பு

ஒவ்வொரு புதன்கிழமையும் நான்கு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போதே ஷெர்லின் முகம் கழுவிக்கொள்வாள். போனில் பேசப்போகிறவள் எதற்கு முகம் கழுவ வேண்டும் என்று காந்திமதிக்கு எரிச்சலாக வரும். அந்தப் பக்கம் பேசுகிறவர் இவள் முகத்தைப் பார்க்கப் போவதுகூட இல்லை. வல்லம் வடகால் தொழிற்பேட்டைப் பக்கம் அந்த வாடகைக் கட்டடத்துக்குக் கிடைக்கிற சிக்னலில் வீடியோ ஓடாது. வெறும் குரல்தான்.

அது 2021 ஜூன் மாதம். கொரோனா இரண்டாவது அலைக்கு ஊரடங்கு போட்டிருந்தார்கள். கார்களுக்கு ஒயர் கட்டித் தரும் கம்பெனி ஒன்றில் இருவருக்கும் வேலை. பேருந்து நின்றுபோனதால் கம்பெனியே பக்கத்தில் ஒரு கட்டடம் பிடித்துப் பெண்களைத் தங்க வைத்திருந்தது. நான்கு பேர் தங்கும் அறையில் இரண்டு பேர் ஊருக்குப் போய்விட, இவர்கள் இருவர் மட்டும் மிஞ்சினார்கள். காந்திமதிக்கு உத்திரமேரூருக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். ஷெர்லினின் ஊர் பக்கத்திலேயே இருந்த மண்ணூர். மூன்று வருடமாக ஒரே போர்டில் எதிரெதிரே நின்று ஒயருக்கு டேப் சுற்றியவர்கள். ஷெர்லின் பர்மனன்ட், காந்திமதி காண்ட்ராக்ட். ஐடி கார்டு தொங்கும் கயிறு ஒருத்திக்கு நீலம், ஒருத்திக்குப் பச்சை. அதற்கு மேல் தங்களுக்குள் வித்தியாசம் இருப்பதாக இருவருமே நினைத்ததில்லை.

மே மாதம் ஷெர்லினின் அம்மா கொரோனாவில் செத்துப்போனாள். ஆஸ்பத்திரியில் சேர்த்த நான்காம் நாள். பிபிஇ கிட் போட்ட நான்கு பேர் கல்லறைத் தோட்டத்தில் இறக்கியதை ஷெர்லின் தெருமுனையில் நின்று பார்த்துவிட்டு வந்தாள். அந்த வாரம் முழுக்கக் காந்திமதிதான் அவளுக்குச் சோறு பிசைந்து கொடுத்தாள், தலை வாரிவிட்டாள், புலம்பினதையெல்லாம் கேட்டுக்கொண்டாள்.

"நீ மட்டும் இல்லன்னா நான் இன்னா ஆயிருப்பேனோ, காந்தி" என்றாள் ஷெர்லின்.

அந்த வார்த்தை காந்திமதிக்குப் பிடித்திருந்தது. சாவு விழுந்த நேரத்தில் அப்படிப் பிடித்துப்போவது தப்பு என்று தெரிந்தும் பிடித்திருந்தது.

அதற்குப் பிறகுதான் கேன்டீன் சுவரில் அந்த நோட்டீஸ் ஒட்டினார்கள். மனம் சோர்ந்திருப்பவர்களுக்குப் போனிலேயே ஆலோசனை, வாரம் ஒரு முறை, எட்டு வாரம். நிரந்தரப் பணியாளர்களுக்கு மட்டும். சூப்பர்வைசர் பகலவனே ஷெர்லினின் பேரை எழுதிக் கொடுத்தார். முதல் புதன்கிழமை அவள் பயந்துகொண்டேதான் மாடி ஏறினாள். முக்கால் மணி நேரம் கழித்துக் கண் வீங்கி, முகம் மட்டும் தெளிந்து இறங்கி வந்தாள். அன்றைக்கு இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டாள்.

"இன்னாடி சொன்னாங்க?" என்று காந்திமதி கேட்டாள்.

"ஒண்ணும் சொல்லல. கேட்டாங்க. பூஜான்னு பேரு. அவ்ளோ பொறுமையா கேட்டுக்கினாங்க."

"நானுந்தான் கேட்டேன்."

"அது வேறடி" என்றாள் ஷெர்லின். சாதாரணமாகத்தான் சொன்னாள். காந்திமதிக்கு அது சுருக்கென்று தைத்தது.

வாரம் போகப் போக ஷெர்லின் அவளிடம் பேசுவது குறைந்தது. என்னவோ நினைத்துக் கண் கலங்கி உட்கார்ந்திருப்பாள். காந்திமதி பக்கத்தில் போய் உட்கார்ந்தால், "பரவால்ல, புதன்கிழமை மேடம்கிட்டயே பேசிக்கிறேன்" என்பாள். பார்த்தே இராத ஒருத்திக்காக இவள் துக்கத்தைப் பத்திரப்படுத்தி வைக்கிறாளே என்று காந்திமதிக்கு வயிறு எரிந்தது.

அவள் எரிச்சலுக்கு இன்னொரு காரணமும் இருந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. ஏப்ரலில் அவளுக்கு பாசிட்டிவ் என்று வந்து, ஒரு கல்லூரி ஹாலில் பதினாலு நாள் தனிமையில் வைத்திருந்தார்கள். திரும்பி வந்ததிலிருந்து கம்பெனி வேன் கதவை இழுத்துச் சாத்தினால் அவளுக்கு மூச்சு முட்டும். போர்டில் கை நடுங்கும். தூக்கம் சுத்தமாகப் போய்விட்டது. நோட்டீஸைப் பார்த்துவிட்டு அவளும் அந்த நம்பருக்கு அடித்துப் பார்த்தாள். ஐடி நம்பர் கேட்டார்கள். சொன்னாள். "இது காண்ட்ராக்ட் நம்பர்மா. உங்க காண்ட்ராக்டர்கிட்ட கேளுங்க" என்றார்கள். காண்ட்ராக்டரின் ஆள் சுப்பராயலு நல்ல மனிதர்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "மனசு சரியில்லன்னு வெளிய சொல்லிக்காதம்மா. நாளைக்கே வேற ஆளப் போட்டுடுவாங்க. எதுக்கு வம்பு?"

அவளிடமிருந்த டச் போன் தங்கச்சியின் ஆன்லைன் வகுப்புக்கென்று ஊருக்குப் போய்விட்டது. கையில் இருந்தது பட்டன் போன். வேறெங்கே தேடுவது என்றும் அவளுக்குத் தெரியவில்லை. ஆக, ஷெர்லின் மாடியில் பேசிக்கொண்டிருக்கும் அந்த முக்கால் மணி நேரம், கீழே அறையில் துணி மடித்தபடி காந்திமதி பொருமிக்கொண்டிருப்பாள். அம்மா செத்தால்தான் துக்கமா? நீலக் கயிறு இருந்தால்தான் மனசா?

ஐந்தாவது புதன்கிழமை ஷிப்ட் முடிகிற நேரத்தில் ஷெர்லினை ஓவர்டைமுக்கு நிறுத்திவிட்டார்கள். அவள் போன் அறையில் சார்ஜில் கிடந்தது; லைனுக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. "மேடம் கூப்ட்டா நாளைக்குப் பேசுறேன்னு சொல்லிடுடி" என்று சொல்லி அனுப்பினாள்.

சரியாக நான்கு மணிக்குப் போன் அடித்தது. காந்திமதி எடுத்தாள். சொல்ல வேண்டியதைச் சொல்லத்தான் எடுத்தாள்.

"வணக்கம் ஷெர்லின், பூஜா பேசறேன். இந்த வாரம் தூக்கம் எப்படி இருந்தது?"

அவளிடம் யாரும் அதைக் கேட்டதில்லை. வீட்டிலிருந்து கூப்பிடும் அம்மாகூட "சாப்ட்டியா" என்றுதான் கேட்பாள்.

"தூக்கமே இல்ல மேடம்" என்றாள் காந்திமதி.

"சொல்லுங்க."

அவள் மாடிக்கு ஓடினாள். தண்ணீர்த் தொட்டியின் நிழலில் ஷெர்லின் உட்காரும் இடத்தில் உட்கார்ந்துகொண்டாள். முதலில் அம்மாவைப் பற்றி இரண்டு வார்த்தை ஷெர்லின் மாதிரி சொன்னாள். பிறகு எப்படியென்று தெரியாமலே அந்தக் கல்லூரி ஹாலுக்குப் போய்விட்டாள். பக்கத்துக் கட்டிலில் செல்வலட்சுமி என்று ஒரு அக்கா. நாற்பது வயது இருக்கும். ஒன்பதாம் நாள் விடியற்காலையில் அந்த அக்கா "தண்ணி குடும்மா" என்று கேட்டாள். காந்திமதிக்குக் கேட்டது. எழுந்தால் தலை சுற்றும், கிட்டே போனால் மறுபடி ஒட்டிக்கொள்ளும் என்று பயந்து, தூங்குகிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டாள். நிஜமாகவே தூங்கியும் போனாள். கண் விழித்தபோது கட்டிலில் விரிப்புகூட இல்லை. பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்களா, என்ன ஆனது என்று யாரும் சொல்லவில்லை. இவளும் கேட்கவில்லை.

"ஒரு டம்ளர் தண்ணி மேடம். எழுந்து குடுத்திருந்தா இன்னா ஆயிருக்கும்?" அவள் விக்கி விக்கி அழுதாள்.

அந்தப் பக்கம் அவசரப்படவில்லை. அழுது முடியும்வரை காத்திருந்துவிட்டு, பூஜா மெதுவாகக் கேட்டார்: "நீங்க இத்தனை நாள் இதைத் தனியாவே வச்சிட்டிருந்திருக்கீங்க. ஆனா ஒண்ணு கேக்கணும், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க ஷெர்லின் இல்லையே?"

காந்திமதி சட்டென்று அழைப்பைத் துண்டித்தாள். திருடி மாட்டிக்கொண்டவளின் பயத்தைவிட, ஷெர்லினுக்கு இப்படி ஒருத்தி வாரா வாரம் கிடைக்கிறாளே என்ற ஆத்திரம்தான் அந்த நேரத்தில் பெரிதாக இருந்தது. பூஜாவின் நம்பரை பிளாக் செய்தாள். வந்த அழைப்பின் தடத்தையும் அழித்தாள்.

"மேடம் கூப்ட்டாங்களா?" என்று ஓவர்டைம் முடித்து வந்த ஷெர்லின் கேட்டாள்.

"இல்லியே."

அடுத்த புதன்கிழமை ஷெர்லின் முகம் கழுவிக்கொண்டு மாடி ஏறினாள். ஐந்தரை மணிக்கு இறங்கி வந்தாள். "கூப்புடலடி. நானே அடிச்சிப் பாக்கட்டுமா?"

"நீ ஏன் கெஞ்சிகினு போற? அவங்களுக்கு ஆயிரம் பேரு. வேணும்னா அவங்களே கூப்புடட்டும்."

ஷெர்லின் அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டாள். அன்று சாயங்காலம், பல வாரங்களுக்குப் பிறகு, காந்திமதியின் தோளில் சாய்ந்து அழுதாள். காந்திமதி அவள் தலையைத் தடவிக் கொடுத்தாள். தன் பொருள் தன்னிடமே திரும்பி வந்துவிட்ட மாதிரி ஒரு நிம்மதி. அந்த நிம்மதி இரண்டு நாள்தான் இருந்தது.

ஏனென்றால் ஷெர்லின் கேட்கும் கேள்விகளுக்கு அவளிடம் பதில் இல்லை. "முதல் நாளே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிகினு போயிருந்தா அம்மா பொழச்சிருக்குமா?" என்று ஷெர்லின் கேட்பாள். "அழாதடி" என்பாள் காந்திமதி. மறுபடி அதே கேள்வி. மறுபடி "அழாதடி". பூஜா அந்த இடத்தில் என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்தால் ஒன்றும் பிடிபடவில்லை.

ஷெர்லின் சோற்றைத் தள்ளினாள். இரண்டு நாள் லீவு போட்டாள். மூன்றாம் நாள், ஷிப்ட் முடிந்து வந்த காந்திமதியிடம், சுவரைப் பார்த்துப் படுத்தபடியே பேசினாள்.

"கடைசி வாரம் மேடம்கிட்ட இன்னா சொன்னேன்னு யோசிச்சிகினே கீறேன். அம்மா மேல கோவமா கீதுன்னு சொன்னேன். மாத்திரை போட மாட்டேன்னு அடம் புடிச்சிச்சுன்னு. அதான் மேடம் வெறுத்துட்டாங்க. செத்துப்போன தாயப் பேசுறவ கிட்ட யாரு பேசுவாங்க?"

"அப்டியெல்லாம் இல்லடி."

"எல்லாரும் உட்டுட்டுப் போறாங்க காந்தி. நானும் போயிடலாம்னு கீது."

"எங்க?"

ஷெர்லின் போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டாள்.

காந்திமதி ஷெர்லினின் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய், அதில் பார்த்துப் பூஜாவின் நம்பரைத் தன் பட்டன் போனில் அழுத்தினாள். கதவைத் திறந்து வைத்து, ஷெர்லின் கண்ணில் படும்படியே நின்றுகொண்டாள்.

"மேடம், ஷெர்லின் ரூம்ல இருந்து பேசுறேன்."

"அன்னிக்குப் பேசினது நீங்கதானே?" குரலை உடனே பிடித்துவிட்டார் பூஜா. காந்திமதி எல்லாவற்றையும் கொட்டினாள். நம்பரை அடைத்தது, பொய் சொன்னது, ஷெர்லின் இப்போது சொன்னது. பூஜா திட்டவில்லை. "ஷெர்லின் இப்ப உங்க கண் முன்னாடி இருக்காங்களா? தனியா விடாதீங்க. பிளாக்கை எடுங்க, நான் உடனே கூப்பிடறேன். மூணு தடவை அடிச்சேன், போகல. கம்பெனிக்கும் மெயில் போட்டிருந்தேன், பதில் வரல." பிறகு கொஞ்சம் நிறுத்தி, "அவங்க தன் மேல தப்புன்னு நினைச்சிட்டிருக்காங்க. உண்மையை நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?" என்றார்.

"நானே சொல்றேன்."

சொன்னாள். கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். ஷெர்லின் எழுந்து உட்கார்ந்தாள்.

"மேடம் என்னை வெறுக்கலியா?" என்பதுதான் அவள் முதலில் கேட்டது.

"இல்ல. நான்தான்..."

"போ வெளிய."

போன் அடித்தது. ஷெர்லின் எடுத்துக்கொண்டு இந்த முறை மாடிக்குப் போகவில்லை, அறைக்குள்ளேயே பேசினாள். காந்திமதி திறந்திருந்த கதவுக்கு வெளியே, பேச்சு காதில் விழாத தூரத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். பூஜா சொன்னபடி பகலவனுக்கும் தகவல் போனது. மறுநாள் மண்ணூரிலிருந்து ஷெர்லினின் அண்ணன் ஊரடங்குக்கான இ-பாஸ் வாங்கிக்கொண்டு வந்து அவளை அழைத்துப் போனார். புறப்படும்போது அவள் காந்திமதியின் பக்கம் திரும்பவே இல்லை.

இரண்டு நாள் கழித்துப் பூஜா காந்திமதியைக் கூப்பிட்டார். கம்பெனித் திட்டத்தில் அவளைச் சேர்க்கத் தனக்கு அதிகாரம் இல்லை என்று மறைக்காமல் சொன்னார். "கேட்டு எழுதியிருக்கேன். நடக்கும்னு சத்தியம் பண்ண முடியாது. ஆனா நூத்தி நாலுக்கு அடிங்க. அரசாங்கத்தோடது. ஐடி கேக்க மாட்டாங்க, பட்டன் போனே போதும்."

காந்திமதி அடித்தாள். அங்கிருந்து ரஞ்சனி என்று ஒரு ஆலோசகரிடம் சேர்த்துவிட்டார்கள். நல்லவர்தான். ஆனால் வேலை அதிகம். சில வாரம் கூப்பிடுவார், சில வாரம் அழைப்பே வராது. பூஜாவின் குரலில் இருந்த நிதானம் இவர் குரலில் இல்லை. ஷெர்லினுக்கு மட்டும் அந்தக் குரல் என்ற பொருமல் அப்போதும் அவளைவிட்டு முழுசாகப் போகவில்லை. அதையும் ஒரு நாள் ரஞ்சனியிடமே சொல்லிவிட்டாள். அவர் சிரித்துவிட்டு, "சரி, அதப் பத்தியே பேசலாம்" என்றார். வேன் கதவு சாத்தும்போது மூச்சை எண்ணி விடக் கற்றுக்கொடுத்தார். செல்வலட்சுமி அக்காவுக்கு என்ன ஆனது என்று விசாரிக்கும் தைரியம் மட்டும் இன்னும் வரவில்லை.

ஜூலையில் பேருந்துகள் ஓட ஆரம்பித்த பிறகு ஷெர்லின் வேலைக்குத் திரும்பினாள். மண்ணூரிலிருந்தே வந்து போனாள். கேட்டு வாங்கி வேறு லைனுக்கு மாறிவிட்டிருந்தாள். மூன்று வாரம் கேன்டீனில் காந்திமதி இருக்கும் பக்கமே வரவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை, வேறு இடம் காலியாக இருந்தும், தட்டை எடுத்துக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தாள். நடுவில் பிளாஸ்டிக் தடுப்பு.

"கேட்டிருக்கலாம் இல்ல?" என்றாள் ஷெர்லின்.

"இன்னாத்த?"

"போனை. மேடம்கிட்ட ஒரு வாரம் நான் பேசிக்கிறேன்டின்னு."

காந்திமதி சோற்றை அளைந்தாள். "கேட்டிருந்தா குடுத்திருப்பியா?"

"தெரியல" என்றாள் ஷெர்லின். பிறகு முகக்கவசத்தை இறக்கிவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தாள்.