தெற்கு வளைகுடாவில் பத்து நாள்

ஏப்ரலில், ஜெர்மனியில் வாழும் ஃபொதினி, கிரேக்கத் தீவிலிருந்த அம்மா கலிரோயிக்குப் போன் செய்தாள்.

"ஆகஸ்ட்ல நானும் யூர்கனும் பத்து நாள் வர்றோம்மா. தெற்கு வளைகுடால காத்து அடிக்காதுல்ல?"

"குளம் மாதிரி கிடக்கும். மாப்பிள்ளை முதல் தடவையா வர்றாரு, உன் ரூமுக்குச் சுண்ணாம்பு அடிச்சு வைக்கிறேன்."

"வேணாம்மா. வளைகுடா ஹோட்டல்லயே ரூம் போட்டாச்சு. நிம்மதியா படுத்துக் கிடக்கத்தானே வர்றோம்."

"அங்கதான்டி நான் ரூம் கூட்டுறேன்."

"தெரியும்மா. அவர்கிட்ட உன்னை டீச்சர்னு சொல்லியிருக்கேன். அந்தப் பத்து நாள் லீவு போடேன்."

"ஆகஸ்ட்ல எவன்டி லீவு குடுப்பான்?"

மறுநாள் கலிரோயி, குனிந்து நிமிர முடியவில்லை என்று மேலாளரிடம் பொய் சொல்லி, ஹோட்டல் நிலவறையிலிருந்த சலவைப் பகுதிக்கு வேலையை மாற்றிக்கொண்டாள். அவர்கள் கடலில் கிடந்த நாளெல்லாம் அந்தப் புழுக்கத்தில் துண்டுகளை வெளுத்தாள்.

ஜெர்மனிக்குக் கிளம்பும் முன் இருவரும் அரை மணி நேரம் வீட்டுக்கு வந்தார்கள். யூர்கன் அன்போடு ஏதோ கேட்டான்.

"என்ன பாடம் எடுக்குறீங்கன்னு கேக்குறார்" என்றாள் மகள், அம்மாவின் முகத்தைப் பார்க்காமல்.

"கணக்குன்னு சொல்லு."

அவன் மரியாதையாகத் தலையசைத்தான். அதன்பின் கலிரோயி மகளுக்குத் தானாகப் போன் செய்ததே இல்லை.