அறைக்குள் இருந்தவர்கள்

கிராமத்துப் பாட்டுகளை இசைத்தட்டாக்கி விற்கும் எங்கள் நாஷ்வில்லில் ஒரு வழக்கம் உண்டு. பாட்டு பிறக்கும்போது அறைக்குள் யார் இருந்தாலும் அது அவருடைய பாட்டும்தான். ஒரு வரிகூடச் சொல்லாமல் கொட்டாவி விட்டவன் பெயரும் இசைத்தட்டில் ஏறிவிடும். அதனால்தான் அன்று என் நாற்காலியை வராந்தாவில் போட்டிருந்தார்கள்.

பாடகன் கோல்பி ரான்ஸம் உள்ளே. இருபத்தாறு வருடமாக அடுத்தவர்களுக்குப் பாட்டெழுதும் வெல்டாவாகிய நான் திறந்த கதவுக்கு வெளியே. இந்த ஆல்பத்தில் ஒவ்வொரு சொல்லும் விவசாயி மகன் கோல்பி தனியாக எழுதியது என்று கம்பெனி ஊரெல்லாம் விளம்பரம் வைத்துவிட்டது. இன்னும் ஒரு பாட்டு பாக்கி. பகல் பன்னிரண்டுக்குள் வராவிட்டால் அவன் ஒப்பந்தம் ரத்து. மணி பதினொன்று.

அவன் உட்காரவே இல்லை. ஜன்னல், கிடார், மறுபடி ஜன்னல். பூட்ஸில் கடையிலேயே பூசிக் கொடுத்த சேறு.

"டிராக்டர் வெச்சாச்சு, நாய் வெச்சாச்சு, மழையும் வெச்சாச்சுக்கா. மனசைத் தொட மாட்டேங்குதே!"

"உங்கப்பா பல் டாக்டர்தானே? பல்லைப் பத்தி எழுதேன்."

"மெதுவாக்கா! வெளியே கேட்டுடும்."

"வெளியே இருக்கறதே நான்தான்டா."

அந்த நேரம் ஏ.சி. பழுது பார்க்க டெல்மர் வந்தார். ஏ.சி.க்காரரை இங்கே யார் ஆளாக எண்ணுகிறார்கள்? நேரே உள்ளே போய் ஏணியில் ஏறினார். அப்பாவின் பொன்வயலை நினைத்து கோல்பி உருகுவதைக் கொஞ்ச நேரம் பொறுத்துக்கொண்டார்.

"சார், நிலத்தை வித்த அன்னிக்குத்தான் எங்கப்பா மொத தடவையா நிம்மதியாத் தூங்கினாரு."

கோல்பி நடப்பதை நிறுத்தினான்.

"அண்ணே, கொஞ்சம் வராந்தாவுக்குப் போய் அதையே இன்னொரு தடவை சொல்றீங்களா?"

"ஏன், இங்க கேக்கலையா?"

அந்த வரியை வைத்து அரை மணியில் பாட்டு முடிந்தது.

"டெல்மர் பேரைப் போடணும்டா," என்றேன்.

"போட்டா நான் காலி."

"போடாட்டி இந்த ஊர்ல எவனும் உன்கூட உக்காந்து எழுத மாட்டான்."

கம்பெனித் தலைவி பெல்லமி அம்மாளுக்கு ஃபோன் போட்டு, ஸ்பீக்கரில் பாடிக் காட்டினான். மறுமுனையில் மூக்கு உறிஞ்சும் சத்தம்.

"உன் சொந்த அனுபவமா கோல்பி?"

"என் ரத்தம், மேடம்!"

"அடப் பாவமே. அப்பா நிலத்தை யாருக்கு வித்தாரு?"

கோல்பி வாயைத் திறந்தான். பல் டாக்டர் மகனின் வரிசையான பல் தெரிந்தது.

"கோல்ஃப் மைதானத்துக்கும்மா," என்றது ஏணி உச்சி.

"யாரது?"

கோல்பி என்னைப் பார்த்தான், கடிகாரத்தைப் பார்த்தான்.

"டெல்மர், மேடம். அந்த வரி அவரோடது. மிச்சத்துல பாதி வெல்டாக்காவோடது."

அவன் அன்று சொன்ன முதல் உண்மை அதுதான்.

"அப்ப உன் ஒப்பந்தம் முடிஞ்சுதுப்பா, ரொம்ப வருத்தம்," என்றார் அம்மாள், ஒரு துளி வருத்தமும் இல்லாமல். "சரி, அந்த டெல்மர் பாடுவாரா?"

இந்த ஊரில் அந்தக் கேள்விக்கு இல்லை என்று சொன்ன ஆளை நான் இதுவரை பார்த்ததில்லை. டெல்மர் தொண்டையைச் செருமிக்கொண்டே பாதி ஏணி இறங்கிவிட்டிருந்தார்.