அவன் ஊற்றிய நீலம்

கட்டைவிரல் நகத்தின் அடியில் அந்த நீலம், சோப்புக்குப் போகாத நீலம், தேங்காய் எண்ணெய் தொட்டுப் பழைய துணியால் தேய்த்தால் இன்னும் கொஞ்சம் பரவிக்கொள்கிற நீலம், அண்ணன் விரலைச் சன்னல் வெளிச்சத்தில் நீட்டிப் பார்த்துச் சிரிக்கிறான், எலெக்சன் மையே தோத்துச்சு பாப்பா என்கிறான், ஞாயிற்றுக்கிழமை, அம்மா உள்ளே வெங்காயம் உரிக்கிறாள், தரையில் விரித்த செய்தித்தாளின்மேல் பிரிண்டர், பக்கத்தில் பெயர் ஒட்டாத நான்கு பாட்டில்கள், கறுப்பு, நீலம், சிவப்பு, மஞ்சள், காந்திபுரத்தில் ஜெயசீலன் கடையில் வாங்கியவை, கம்பெனி இங்க் அல்ல, கம்பெனி இங்க்கை எவன் வாங்குவான், அந்த விலைக்கு அதை மனிதர்கள் மேல்தான் தெளிக்க வேண்டும் பன்னீர் மாதிரி என்பான் அவன். வாரத்தில் ஆறு நாள் கணபதியில் லேத் பட்டறை, ஞாயிறு மட்டும் அண்ணன் போட்டோக்காரன், எங்கள் லைன் வீட்டுக்காரர்களின் பிறந்தநாள், காதுகுத்து, பாஸ்போர்ட் சைஸ் எல்லாம் அவன் கையில்தான் காகிதத்துக்கு வரும், வந்து கொஞ்ச நாளில் வெளுக்கவும் செய்யும், நாலாவது வீட்டு மல்லிகாக்கா குழந்தையின் படத்தைத் தூக்கிக்கொண்டு வாசலில் நிற்கிறாள், என்ன பூபதி, எம்பையனுக்குக் காமாலை வந்துருச்சா, பாரு மஞ்சளாயிட்டான், அண்ணன் கொஞ்சமும் கூசாமல், வெயில்ல வெச்சுப்போட்டு என்னையச் சொல்றீங்க, உள்ளார வாங்க, வெளுத்தா இன்னொண்ணு போட்டுக்கறது, அவ்ளோதானே. அவ்வளவுதானா என்று எனக்குச் சந்தேகம், எனக்கு எதிலும் சந்தேகம்தான், பகலில் மோட்டார் பம்ப் கம்பெனி ஆபீஸ், மாலையில் கணக்கு வகுப்பு, வகுப்பு முடிந்து வந்து அன்று நடந்ததை வரிசையாக எழுதிவைத்தால் ஒருவேளை தெளியும் என்று எழுதுகிறேன், எழுதியும் தெளிவதில்லை. அப்போதும் அப்படித்தான், ஆபீஸ் பிரிண்டரில் கம்பெனி இங்க்கில் ஒரு படம், வீட்டில் அண்ணனின் இங்க்கில் அதே படம், இரண்டிலும் பாதியை அட்டையால் மூடிச் சன்னல் கம்பியில் கட்டினேன், சோதித்துப் பார்க்க அவன் படம்தான் கையில் இருந்தது, மொட்டை மாடியில் சாயங்கால வெயிலில் நான் செல்போனில் எடுத்தது, என்னையவே வெயில்ல காயப்போடறயா பாவி என்றான், மழைக்காலம் வருவதற்குள் கம்பெனி இங்க் அப்படியே இருந்தது, அவனுடையதில் அட்டை மூடிய பாதி முகம் கறுப்பாக, மூடாத பாதி வெளிறி, ஒரே ஆள் இரண்டு பேர் மாதிரி. பாத்தியாண்ணா என்றேன். பாத்தேன், அட்டைக்குள்ள இருக்கறவன் சொகமா இருக்கான் என்றான்.

காய்ச்சல் என்று போனான், தன் காலில் நடந்து ஆஸ்பத்திரிப் படியேறினான், கட்டிலில் சாய்ந்ததும் நர்ஸ் அவன் கட்டைவிரலில் ஆக்சிஜன் அளக்கிற அந்தச் சின்ன கிளிப்பை மாட்டினாள், எண் வரவில்லை, கழற்றி விரலைப் பார்த்து, என்ன தம்பி, ஆம்பளப் பையன் நெயில் பாலிஷா என்றாள், பிரிண்டர் இங்க் சிஸ்டர், டூப்ளிகேட்தான், ஆனா போகாது என்றான், அவள் சிரித்துவிட்டாள், அம்மாகூடச் சிரித்தாள், கிளிப்பை மோதிர விரலுக்கு மாற்றினார்கள், அங்கே எண் வந்தது, வந்த எண் நாளுக்கு நாள் இறங்கியது, நான் அதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன், அவன் கண் மூடியிருக்கிறான், முகம் வீங்கி அவன் முகமாக இல்லை, கை மட்டும் அவனுடையது, போர்வைக்கு வெளியே அந்த நகம். பிறகு அதே கையை நெஞ்சின்மேல் மடக்கிவைத்தார்கள், மாமா வெள்ளைத் துணியால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டினார், நீலம் துணிக்கு உள்ளே போனது, ஆத்துப்பாலம் மயானத்தில் அது எரியும்போது என்ன நிறத்தில் எரிந்திருக்கும் என்று வகுப்பில் பேரேடு எழுதிக்கொண்டிருக்கையில் திடீரென்று நினைக்கிறேன், பேனா நிற்கிறது.

கருமாதிக்கு மாமா ஒரு ஸ்டுடியோவில் படம் போட்டுக்கொண்டு வந்தார், பெரிய சட்டம், பின்னால் நீல வானம், அதில் ஒருத்தன், ரோஜாத்தூள் அப்பியது போலக் கன்னம், கொஞ்சம் பளிச்சுனு பண்ணியிருக்கானுங்க, காரியத்துல எடுப்பா இருக்கட்டும்னு என்றார் மாமா, அம்மா வாங்கிப் பார்த்தாள், நிமிர்ந்து மாமாவைப் பார்த்தாள், ஆருங்கண்ணா இது, ஆரு வீட்டுப் பையன், என்ற பையன் கருப்பு, கருப்பாத்தான் வேணும் எனக்கு. சட்டத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிவைத்துவிட்டாள், வந்தவர்கள் எல்லாம் அட்டையின் முதுகுக்குப் பூப்போட்டார்கள். அப்பா நான் பிறந்த வருடமே போனவர், அவர் படம் ஒன்றுகூட இல்லை, எப்படி இருந்தார் என்று கேட்டால் அம்மா கொஞ்சம் யோசித்து, உன்ற அண்ணனாட்டம் என்பாள், அவ்வளவுதான் மிச்சம், இப்போது அண்ணன் எப்படி இருந்தான் என்று கேட்டால் யாரைச் சொல்வாள். அதனால்தான் பிரிண்டரைப் போர்த்தியிருந்த அவன் பழைய லுங்கியை எடுத்தேன், வாரத்துக்கொருக்கா கலர் ஓடணும், இல்லாட்டி இங்க் வர்ற ஹெட் அடைச்சுக்கும் என்று அவன் சொல்வது காதில் கேட்கிறது, எத்தனையோ வாரம் ஓடவில்லை, முதல் காகிதத்தில் அவன் முகத்தின் குறுக்கே வெள்ளை வெள்ளையாகக் கோடுகள், கம்பிக்கு அந்தப் பக்கம் நிற்பவன் போல, ஹெட்டைச் சுத்தம் பண்ணும் பொத்தானை அழுத்துகிறேன், மறுபடி கோடு, மறுபடி அழுத்துகிறேன், டாங்க்கில் இங்க் குறைவது கண்ணுக்குத் தெரிகிறது, சாயங்காலமாகிறது, ஒரு காகிதம் முனகிக்கொண்டே வெளியே வருகிறது, முதலில் முடி, பிறகு நெற்றி, மொட்டை மாடி வெயில் பட்ட அந்தக் கறுப்பு, கறுப்புக்கு அடியில் ஒரு செம்மண் நிறம், அது வேறு எந்த இங்க்கிலும் வரவில்லை, அம்மா கேட்காமலே வந்து பின்னால் நின்றாள், இவந்தான் என்றாள், இவந்தான் கண்ணு, ஈரம் காய்வதற்குள் தொட்டுவிடாதேம்மா என்று நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

சன்னலுக்கு எதிர்ச் சுவர் ஒன்றுதான் எங்கள் வீட்டில் காலிச்சுவர், அங்கே மாட்டினோம், கீழே சின்ன பல்பு, வெயில் ஒரு பக்கம், பல்பு ஒரு பக்கம், அவனிடமிருந்து முதலில் நீலம் போனது, பிறகு கறுப்பு இளகியது, நாளுக்கு நாள் வெளுத்துக்கொண்டே, அம்மா திருப்பிவைத்தாளே அந்த ஸ்டுடியோக்காரனின் பையன், அவனாக மாறிக்கொண்டே வந்தான், நான் பார்த்தேன், அம்மா பார்ப்பதற்குமுன் என்று அவள் ரேஷன் கடைக்குப் போன நேரம் இன்னொன்று போட்டு மாற்றினேன், அடுத்த முறை அவள் கோயிலுக்குப் போனபோது, அதற்கடுத்து அவள் குளிக்கும்போது, வெளுத்தா இன்னொண்ணு போட்டுக்கறது, அவ்ளோதானே. ஆனால் டாங்க்கின் சன்னலில் நீலம் அடிக்கோட்டைத் தொட்டுவிட்டது, ஜெயசீலன் கடைக்குப் போனேன், அதே இங்க்தானுங்க அம்மிணி, ஆனா லாட்டு மாறிப்போச்சு, நெறம் ஒரு நூல் அப்படி இப்படி இருக்கும், ஒரிஜினல் ஊத்துனா வருசக்கணக்குல நிக்கும், ஒண்ணு மட்டும், பழசோட கலந்துராதீங்க, உள்ள இருக்கறத ஊசியில உறிஞ்சிக் கொட்டிப்போட்டுத்தான் ஊத்தோணும் என்றவர், நிறுத்தி, ஏனுங்க, பூபதியை ஆளையே காணோம், கம்பெனி இங்க் பக்கம் தாவிட்டானா என்று கண்ணடித்தார், ஊருக்குப் போயிருக்கான் என்றேன், வந்தா வரச்சொல்லுங்க, வெச்சுக்கறேன் அவனை என்றார், நான் கம்பெனி பாட்டில்களை வாங்கிவந்து பீரோவுக்குமேல் வைத்தேன், வைத்தபடியே இருந்தன. அவன் ஊற்றியதைக் கொட்டினால் அந்தக் கறுப்பு போய்விடும், கொட்டாமல் இருந்தால் எப்படியும் தீர்ந்துவிடும், தீர்ந்த பிறகு சுவரில் இருப்பவனும் வெளுப்பான், இரண்டையும் தாளில் எழுதிப் பார்த்தேன், எது சரி என்று எழுதத் தெரியவில்லை, என் கண்ணுக்குத் தெரிகிற நிறம் உண்மையிலேயே அவன் நிறம்தானா, இல்லை, பார்த்துப் பார்த்து நானாகப் பூசியதா, அதுவும் தெரியவில்லை.

வருஷ திதிக்கு முந்தைய வாரம், அம்மா அரிசி களைந்துகொண்டே, என்னமோ நான் குருடின்னு நெனச்சுட்டயா என்றாள், என்னம்மா என்றேன், மாசத்துக்கொருக்கா என்ற பையன் குளிச்சுப்போட்டு வந்து நிக்கறான், எனக்குத் தெரியாதா, இன்னும் எத்தன தடவ வரும் அது. நான் பிரிண்டரைக் காட்டினேன், அவள் ஈரக்கையோடு குந்தி உட்கார்ந்து அந்தச் சின்ன சன்னலுக்குள் பார்த்தாள், அடியில் கொஞ்சம் நீலம், அது அவன் ஊத்துனதா, ஆமாம்மா, அவ்ளோதானா, அவ்வளவுதாம்மா. முந்தானையில் கையைத் துடைத்தாள். அப்படீன்னா கடைசியா ஒண்ணு எடு, எடுத்து என்ற கைல குடு, செவுத்துக்கு வேண்டாம், செவுத்துக்கு நீ வாங்கி வெச்சிருக்கறயே, அதுல போடு என்றாள், எடுத்தேன், கோடில்லாமல் வந்தது, நன்றாகக் காயும்வரை இரண்டு பேரும் அதற்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் உட்கார்ந்திருந்தோம், பிறகு அவள் அதைத் தன் கலியாணப் புடவை மடிப்புக்குள் வைத்துத் தகரப் பெட்டியைப் பூட்டினாள், இனி பாக்க மாட்டயாம்மா என்றேன், பாத்தா வெளுத்துருமில்ல என்றாள். அட்டைக்குள்ள இருக்கறவன் சொகமா இருக்கான். நான் ஊசியால் மிச்சத்தை உறிஞ்சினேன், அது இவ்வளவு கொஞ்சமா, பழைய துணியில் விட்டேன், துணி குடித்தது, கம்பெனி இங்க்கை ஊற்றினேன், படம் வந்தது, நல்ல படம், மூக்கு, கண், அந்தச் சிரிப்பு, கறுப்புகூடச் சரியான கறுப்பு, அடியில் அந்தச் செம்மண் மட்டும் இல்லை, அவனுக்கு ஒரு தம்பி இருந்திருந்தால் இப்படி இருந்திருப்பான், திதிக்கு வந்த மாமா சுவரைப் பார்த்து, அப்படியே நிக்கறானே என்று துண்டால் கண்ணைத் துடைத்தார், அம்மா ஆமாங்கண்ணா என்றாள்.

மிச்சத்தை உறிஞ்சிய அன்று கைகழுவும்போதுதான் கண்டேன், என் கட்டைவிரல் நகத்தின் அடியில் நீலம், சோப்புப் போட்டேன், நின்றது, அதற்குமேல் தேய்க்கவில்லை. தினமும் வகுப்பு முடிந்து வந்தால் அம்மா தட்டை வைப்பதற்குமுன் என் கையைப் பிடித்து விளக்குக்கு நேரே ஒருமுறை பார்ப்பாள், பிறகுதான் சோறு போடுவாள், நகம் வளர்கிறது, நீலம் மேலே மேலே நகர்கிறது, முதலில் ஒரு பிறை, பிறகு நடுவில், இப்போது நுனிக்கு வந்துவிட்டது, ஆபீஸில் தாள் புரட்டும்போது சிக்குகிறது, நகவெட்டியை எடுத்துச் சன்னலோரம் உட்கார்ந்தேன், வாசலில் மல்லிகாக்கா குழந்தைக்கு எண்ணெய் தேய்க்கிறாள், பக்கத்து வீட்டில் கறிக்குழம்பு கொதிக்கிற வாசனை, லைன் முழுக்க ஞாயிற்றுக்கிழமை, உள்ளே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அம்மா தலையைத் தூக்கினாள், இன்னிக்கு வெள்ளிக்கிழமை கண்ணு, நகம் வெட்டாத என்றாள், சரிம்மா என்று நான் நகவெட்டியை உள்ளே வைத்துவிட்டேன்.